கடல் புளிக்கிறதா? வன்னிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவில் பல காலம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். "கடல் அமிலமாதல்" என்ற சொல் வானொலியிலோ பேப்பரிலோ வந்தால் இரண்டு வகை ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். பிள்ளைகள் சமன்பாட்டைக் கேட்பார்கள். கடலுக்குப் போகும் அவர்களுடைய தகப்பன்மார், "மாஸ்டர், நண்டு குறையுமோ?" என்று கேட்பார்கள். சமன்பாடு லேசு. நண்டுதான் கஷ்டம். இரண்டு தரப்புக்கும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கடல் உண்மையிலேயே அசிட் ஆகிவிட்டதா? குளித்தால் தோல் எரியுமா?

இல்லை. பெயர்தான் பயமுறுத்துகிறது. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவில் 7 நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். கடல்நீர் காரப் பக்கத்தில்தான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பில் சராசரி பி.எச். ஏறத்தாழ 8.2. இப்போது 8.1க்குக் கிட்ட வந்திருக்கிறது. எரிபொருள் எரிக்கும் புகை இதே வேகத்தில் கூடிக்கொண்டே போனால் இந்த நூற்றாண்டின் முடிவில் 7.8 மட்டுக்கு இறங்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அப்போதும் அது 7க்கு மேலேதான்.

ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், வற்றாப்பளை அம்மனுக்கு விளக்கெரிக்கச் சிலாவத்தைக் கரையில் தீர்த்தம் எடுக்கிறார்களே, அந்தத் தண்ணீருமா?" அந்தத் தண்ணீரும்தான். ஆனால் கையால் மொண்டு பார்த்தாலும் நாக்கில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. உப்புக் கரிக்கும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஏன் அமிலமாதல் என்கிறார்கள்? போகும் திசையைக் குறிக்க. முல்லைத்தீவில் கிளம்பிய மாங்குளம் பஸ் இன்னும் ஒட்டுசுட்டானைத் தாண்டவில்லை என்றாலும் அது மாங்குளம் பஸ்தானே.

8.2 போய் 8.1. இந்த 0.1க்கா இவ்வளவு சத்தம்?

பி.எச். மடக்கை அளவு. ஒரு இலக்கம் குறைந்தால், அமிலத்தன்மையைத் தரும் ஐதரசன் அயன் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். 0.1 அளவில் குறைந்ததற்கே, தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருக்கிறது. உங்கள் உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தின் பி.எச். 7.4ஐ ஒட்டி நிற்கவேண்டும். அது 7.2க்கு இறங்கினால் உங்களை ஆஸ்பத்திரி வோட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். உயிருக்குள் நடக்கும் இரசாயனம் அவ்வளவு நுட்பமானது.

இந்த அமிலம் எங்கிருந்து வருகிறது? எரிந்த கப்பலிலிருந்தா?

நம்மூரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது உண்மை. அந்த விபத்து கடலுக்குப் பெரிய கேடு செய்தது. பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை நெடுக ஒதுங்கின. ஆனால் அது தனிக் கதை. 25 தொன் அமிலம் அந்தச் சுற்றுவட்டாரத்தைத் தாக்கலாம். உலகக் கடலின் பி.எச்.ஐ மாற்ற அதனால் முடியாது.

மாற்றுவது காபனீரொட்சைட்டு. நிலக்கரி, டீசல், பெற்றோல், எரிவாயு, சீமெந்துச் சூளை, அழிக்கும் காடு எல்லாவற்றிலிருந்தும் வரும் அதே வாயுதான். முன்பு காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியேற்றுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் கரைத்துக்கொள்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1000 கோடி தொன். கப்பலின் 25 தொன்னை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடல் அப்படி இழுத்துக்கொள்ளாவிட்டால் நிலத்தில் வெயில் இன்னும் கொடுமையாக இருந்திருக்கும். நமக்காகச் சுமக்கிறது, அதற்கான கூலியைக் கடலில் வாழும் உயிர்கள் கொடுக்கின்றன.

வெறும் வாயு எப்படிச் சிப்பி ஓட்டைத் தாக்கும்?

சுண்ணாம்பு நீர்ப் பரிசோதனை நினைவிருக்கிறதா? தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதினால் பால்போல வெளிறும். இதுவரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நிறுத்தாமல் தொடர்ந்து ஊதினால் அந்தப் பால்நிறம் மறைந்து மறுபடி தெளியும். இந்த இரண்டாம் பாதியைத்தான் பரீட்சையில் விட்டுவிடுவார்கள். கடலில் நடப்பது அந்த இரண்டாம் பாதிதான்.

முதலில் உண்டாகும் வெள்ளை, கல்சியம் காபனேற்று. சிப்பி, சங்கு, மட்டி, முருகைக்கல் (பவளப்பாறை) எல்லாமே அதனால் கட்டியவை. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும் சிப்பியைச் சுட்டு எடுத்ததுதானே. மேலும் காபனீரொட்சைட்டு சேர்ந்தால் காபனேற்று அயன் இருகாபனேற்றாக மாறிவிடும். கடலிலும் அப்படியே: வாயு கரைந்து காபோனிக் அமிலமாகி ஐதரசன் அயனை விடுகிறது, அந்த அயன் மிதந்து திரியும் காபனேற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஓடு கட்டும் உயிருக்கு மிஞ்சுவது குறைவு. இருகாபனேற்றை எடுத்து ஓடு கட்டத் தெரிந்தவையும் உண்டு. ஆனால் அவை கட்டுகிற இடத்திலிருந்து ஐதரசன் அயனை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். வெளியே அது கூடக்கூடத் தள்ளுகிற வேலை கனக்கும்.

இங்கே ஒரு தவறான படத்தைத் துடைக்கவேண்டும். நம் வெப்பவலயக் கடலின் மேற்பரப்பில் ஓடுகள் சீனிக்கட்டிபோலக் கரைந்துகொண்டிருக்கவில்லை. காபனேற்று இன்னும் தாராளமாக இருக்கிறது. ஆனால் முன்பிருந்த அளவு தாராளம் இல்லை. வன்னி ஆட்களுக்கு இதை, வீடு கட்டக் காசு தந்த வீட்டுத்திட்டத்தை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். கட்டம் கட்டமாகக் கிடைத்த காசு அதேதான். சீமெந்து விலை மட்டும் ஏறியது. சிலர் கட்டி முடித்தார்கள், ஆனால் கடன்பட்டார்கள். சிலர் அறையைச் சுருக்கினார்கள். சில வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்டது. கடலில் சீமெந்து விலை ஏறியிருக்கிறது. எந்த உயிர் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் மற்ற எல்லாக் கேள்விக்கும் உள்ள பதில்.

எந்த உயிருக்கு முதல் அடி?

குஞ்சுகளுக்கு. விஞ்ஞானப் புத்தகம் குடம்பி என்று சொல்லும். கரையில் நாம் காண்பது வளர்ந்த சிப்பியையும் சங்கையும்தான். கண்ணுக்குத் தெரியாத குடம்பியாக அவை நீரில் மிதந்த சில நாட்களில்தான் தலைவிதி எழுதப்படுகிறது.

இதை உலகுக்குக் காட்டியது ஆய்வுகூடம் அல்ல, ஒரு தொழில். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் குடாவில், சிப்பிக் குஞ்சு பொரிக்க வைக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் பற்றீரியா என்று நினைத்துத் தண்ணீரை வடித்தார்கள், சுத்தம் செய்தார்கள்; சாவு நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், காற்று ஒரு பக்கமாகப் பலமாக வீசும் நாட்களில் ஆழ்கடலிலிருந்து காபனீரொட்சைட்டு மிகுந்த குளிர்ந்த நீர் மேலே எழும்பி, நேரே நிலையத்தின் குழாய்க்குள் போயிருக்கிறது.

சிப்பிக் குடம்பி பிறந்து முதல் இரண்டு நாளுக்குள் முதல் ஓட்டைக் கட்டிமுடிக்கவேண்டும். அதுவரை அதற்கு வாயில்லை. முட்டையிலிருந்து கொண்டுவந்த கட்டுச்சோறுதான் சக்தி. சீமெந்து விலை ஏறிய நாளில் பிறந்தது, அந்தச் சோற்றை முழுவதும் ஓட்டுக்கே செலவழித்துவிடும். பிறகு சாப்பிடத் தொடங்கும் உறுப்பை வளர்க்க ஒன்றும் மிஞ்சாது. நிலையத்தார் தண்ணீரின் இரசாயனத்தை நாள்தோறும் அளந்து, வேண்டிய நேரத்தில் சோடியம் காபனேற்றைச் சேர்த்துத் தொழிலைக் காப்பாற்றினார்கள். தொட்டிக்குள் அது முடியும்.

மன்னார் முத்துச் சிப்பி? சங்கு?

சங்கும் முத்தும் அறகனைட்டு என்ற வகைக் கல்சியம் காபனேற்று. முத்துச் சிப்பியின் உள்ளே மினுங்கும் படலமும் அதுதான். வெளி ஓட்டில் கல்சைற்று என்ற இன்னொரு வகை இருக்கிறது. இரண்டில் அறகனைட்டு சீக்கிரம் கரையக்கூடியது. ஆகவே கணக்குப்படி முத்தும் சங்கும் கவலைப்படவேண்டிய பட்டியலில் இருக்கின்றன. 2009இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 18 வகை உயிர்களை வெவ்வேறு காபனீரொட்சைட்டு அளவில் வளர்த்துப் பார்த்தார்கள். மிக உயர்ந்த அளவில் சில மட்டிகளும் சங்கு வகைகளும் கட்டியதைவிடக் கரைந்தது அதிகம்.

ஆனால் முத்துக்குளிப்பு நின்றுபோனதற்கு அமிலத்தைக் குற்றம் சொல்லக்கூடாது. அரிப்புக் கரையில் கடலரிப்பில் இடிந்துகொண்டிருக்கும் அந்த மாளிகையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் கட்டியது முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, மேற்பார்க்க. அப்போதே பார்கள் எனும் கடலடித் திட்டுகளில் சிப்பி ஒரு வருடம் குவியும், பல வருடம் காணாமல் போகும். ஏன் என்று கண்டுபிடிக்க 1902இல் ஹேர்ட்மன் என்ற விஞ்ஞானியை இங்கிலாந்திலிருந்து கூட்டிவந்தார்கள். மணல் மூடுவது, திருக்கை தின்பது, அளவுமீறி அள்ளுவது என்று காரணங்கள் அப்போதே இருந்தன. ஏற்கெனவே நிலையில்லாத ஒரு உயிருக்கு இப்போது சீமெந்து விலையும் ஏறுகிறது என்றுதான் சொல்லலாம்.

நண்டும் இறாலும் குறையுமா?

இந்தக் கேள்விக்குத்தான் ஆட்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

நேரான பதில்: வளர்ந்த நண்டும் இறாலும் சிப்பியைவிட நன்றாகத் தாங்கும். அவற்றின் ஓடு வெறும் சுண்ணாம்பு அல்ல. கைற்றின் என்ற பொருளோடு கலந்து நெய்தது, மேலே ஒரு மெழுகுத் தோலும் உண்டு. மேலே சொன்ன 18 வகை ஆய்வில் நண்டு, சிங்க இறால், ஒரு வகை இறால் மூன்றும் காபனீரொட்சைட்டு கூடியபோது ஓட்டைத் தடிப்பாக்கின. அதைப் பார்த்துச் சிலர் "நண்டுக்கு நல்லது" என்று எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நண்டு கோது கழற்றும் ஒவ்வொரு முறையும் புது ஓட்டுக்குச் சக்தியைக் கொட்டவேண்டும். ஓட்டுக்குக் கூடப் போனால் சதைக்கும் முட்டைக்கும் போவது குறையத்தானே வேண்டும். சந்தையில் நண்டை ஓட்டுக்காகவா வாங்குகிறோம்?

நண்டிலும் பலவீனமான இடம் குஞ்சுப் பருவம். அமெரிக்க மேற்குக் கரையில், கடலிலிருந்தே பிடித்த டஞ்சனஸ் நண்டின் குடம்பிகளில் ஓட்டின் விளிம்பு அரிக்கப்பட்டிருந்ததை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்தக் கடல் குளிர்ந்தது, ஆழத்து நீர் மேலே வருவது. நம் பாக்குநீரிணையோ பெரும்பாலும் பத்து மீற்றர் ஆழமும் இல்லாத வெதுவெதுப்பான நீர். அங்கே நடந்தது இங்கே நாளைக்கே நடக்கும் என்று பூநகரி நீலக்கால் நண்டுக்காரரைப் பயமுறுத்த நான் தயாரில்லை. குஞ்சுகளைக் கவனிக்கவேண்டும் என்பது மட்டும் இங்கேயும் பொருந்தும்.

இறாலைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி. 2014இல் சுவீடனில் குளிர்நீர் இறாலைச் சில கிழமை பி.எச். குறைந்த நீரில் வைத்து, பிறகு அவித்து ஆட்களுக்குக் கொடுத்தார்கள். சாதாரண நீரில் இருந்த இறால்தான் ருசி என்று கூடப்பேர் சொன்னார்கள். கொக்கிளாய் இறாலில் யாராவது இதைச் செய்து பார்த்தால் ருசி பார்க்க நான் முதல் ஆளாகப் போவேன்.

மீனுக்கு ஓடே இல்லையே. அதற்கு என்ன வரும்?

மீன் தன் இரத்தத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். செவுள் வழியே அமிலத்தை வெளியேற்றும் நல்ல பொறி அதனிடம் இருக்கிறது. செலவு கொஞ்சம் கூடும்; அவ்வளவுதான் என்று நெடுங்காலம் நினைத்தார்கள்.

மீனுக்குள்ளும் ஒரு சுண்ணாம்பு இருக்கிறது. மீன் தலையைச் சப்பும்போது பல்லில் படும் அந்த வெள்ளைக்கல். அது மீனின் காதுக்கல், சரிவு நிமிர்வும் சத்தமும் அறிய உதவுவது, அதுவும் அறகனைட்டு. 2009இல், காபனீரொட்சைட்டு கூடிய நீரில் பொரித்த ஒரு வகை மீன்குஞ்சில் இந்தக் கல் சிறுக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அது பெருத்திருந்ததைக் கண்டார்கள். கடல் நம் ஊகத்துக்குள் அடங்கும் பிராணி அல்ல.

இன்னொரு கதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது இன்னும் பல இடங்களில் முடிந்த உண்மைபோல உலாவுகிறது. அவுஸ்திரேலியாவில் 2009ஐ ஒட்டிச் செய்த பரிசோதனைகளில், அமிலமான நீரில் வளர்ந்த கோமாளிமீன் குஞ்சுகள் தம்மைத் தின்னவரும் மீனின் மணத்தை நோக்கியே நீந்துகின்றன என்றார்கள். உலகமே பரபரத்தது. வேறு ஆய்வாளர்கள் அதே பரிசோதனைகளைப் பல மீன்களில் திரும்பச் செய்து, அப்படியொரு விளைவைக் காணவில்லை என்று 2020இல் எழுதினார்கள். நானும் அந்தப் பழைய கதையை வகுப்பில் ரசித்துச் சொல்லிக்கொடுத்தவன்தான். பிறகு வந்த வருடப் பிள்ளைகளிடம் திருத்திச் சொன்னேன். முந்தின வருடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு திக்கில் போய்விட்டார்கள்.

கணவாய்?

பெரிதாகத் தடுமாறவில்லை. ஐரோப்பியக் கணவாயை மிக உயர்ந்த காபனீரொட்சைட்டில் வளர்த்தபோதும் அது வளர்ந்தது. உள்ளே இருக்கும் ஓடு மட்டும் அடர்ந்து போனது. நாட்டுமருந்தில் கடல்நுரை என்று சொல்லும் அதே ஓடு. கணவாய் அதில் காற்றை நிரப்பித்தான் நீரில் மிதப்பைச் சரிசெய்கிறது. கனத்தால் நீந்தும் செலவு கூடலாம்.

முருகைக்கல் பார்கள் என்ன ஆகும்?

மன்னாருக்குத் தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்குப் பார் என்றால் கலவாயும் விளைமீனும் கிடைக்கும் இடம். அந்தப் பாரை எழுப்பும் பூச்சியும் அறகனைட்டில்தான் கட்டுகிறது.

பப்புவா நியூ கினியில் கடலடியிலிருந்து காபனீரொட்சைட்டு தானாகக் குமிழியிடும் முருகைக்கல் பார்கள் உண்டு. நாளைய கடலை இன்றே பார்க்க இயற்கை வைத்த சாளரம் என்று சொல்லலாம். 2011இல் வெளிவந்த ஆய்வு அங்கே கண்டது இது: முருகைக்கல் அழிந்துவிடவில்லை. ஆனால் கிளைவிட்டுப் படரும் வகைகள் குறைந்து, உருண்டைப் பாறைபோல வளரும் முரட்டு வகையே மிஞ்சியது. பார்க்க முருகைக்கல் பார்தான். குஞ்சு மீன் ஒளிக்கப் பொந்து இல்லை. கிளை இல்லாத மரத்தில் குருவி எங்கே இருக்கும்?

ஆனால் முருகைக்கல்லை இன்று கொல்வது அமிலத்தைவிடச் சூடு. 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் அது வெளிறிச் செத்தது வெப்பத்தால். அமிலம் அதற்குப் பிறகு வருகிறது: செத்த பார் மறுபடி எழும்பப் பார்க்கும்போது கட்டும் வேகத்தைக் குறைக்கிறது.

கடலட்டைக்கு?

அட்டையின் தோலுக்குள் நுண்ணிய சுண்ணாம்புத் துணுக்குகள் உண்டு, ஓடு இல்லை. வளர்ந்த அட்டை ஓரளவு தாங்கும்.

அட்டை செய்யும் ஒரு வேலை எனக்குப் பிடித்தது. அது மணலை விழுங்கி, அதில் உள்ள உயிர்ச்சத்தைத் தின்று, மணலை வெளியே விடுகிறது. குடலின் அமிலத்தில் மணலில் உள்ள சுண்ணாம்புத் துகள் கொஞ்சம் கரைந்து காபனேற்றாக நீருக்குத் திரும்புகிறது. அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஒரு சிறு தீவில், இரவில் கரையும் சுண்ணாம்பில் பாதிவரை அட்டையின் வேலையாக இருக்கலாம் என்று 2011இல் கணக்கிட்டார்கள். அப்படிக் கரைவது பாரின் அத்திவாரத்தையும் தின்னும். அந்த இடத்து நீருக்குக் காரத்தன்மையையும் கூட்டும்.

இதைக் கேட்டதும் ஒருவர், "அப்ப அட்டைப் பண்ணை கடலுக்கு நல்லதுதானே மாஸ்டர்?" என்றார். அப்படித் தாவக்கூடாது. பூநகரிக் கரையில் அட்டைப் பண்ணையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிரச்சினை எல்லைவலை, படகுப்பாதை, சிறுதொழிலாளியின் இடம் பற்றியது. அதை அட்டையின் குடலை வைத்துத் தீர்க்க முடியாது.

யாருக்காவது இதனால் இலாபம் உண்டா?

சாதாழைக்கு, அதாவது கடற்புல்லுக்கு. கடலடியில் புல்போல வளரும் சாதாழை காபனீரொட்சைட்டைத் தின்று வளர்வது. கூடினால் பலவற்றுக்குக் கொண்டாட்டம். இத்தாலியின் இஸ்கியா தீவில், வாயு குமிழியிடும் கடலடியில், சிப்பியும் சுண்ணாம்புப் பாசியும் ஒழிந்த இடத்தில் கடற்புல் செழித்து நின்றதை 2008இல் வெளியிட்டார்கள். இலையில் ஒட்டியிருக்கவேண்டிய சிறு ஓட்டுயிர்கள் மட்டும் அங்கே இல்லை.

சாதாழை பகலில் ஒளித்தொகுப்புக்காகக் காபனீரொட்சைட்டை இழுப்பதால் அந்தப் படுகைக்குள் பி.எச். ஏறும். குஞ்சுச் சிப்பிக்கும் குஞ்சு நண்டுக்கும் சில மணிநேரமாவது சீமெந்து மலிவாகக் கிடைக்கும் கடை அது. ஆவுளியாவுக்கு (கடற்பசு) அது சாப்பாடு, ஓரா மீனுக்கும் இறால் குஞ்சுக்கும் வீடு. எதிர்க்கரையில் தமிழ்நாடு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்று ஒரு காப்பகத்தையே அறிவித்தது. இந்தப் பக்கத்தில் சாதாழையை வலையில் சிக்கும் குப்பை என்று உதறுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

நந்திக்கடல் களப்பில் மீன் செத்து மிதப்பது இதனாலா?

வெயிற்காலத்தில் களப்பு வற்றிக் கொதித்து மீன் மிதந்தால் முதலில் ஒட்சிசனைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான். உலகக் கடல் நூறு வருடத்தில் மாறும் அளவைவிடக் களப்பு ஒரே நாளில் கூட மாறும்: பகலில் பாசி வாயுவை இழுக்கப் பி.எச். ஏறும், இரவில் எல்லாம் மூச்சுவிட இறங்கும். மாரியில் பேராறு வழியே நன்னீர் பாய்ந்து வட்டுவாகலில் முகத்துவாரம் உடையும்போது உப்பும் மாறும், இரசாயனமும் மாறும். களப்பில் பிறந்து வளரும் உயிர்கள் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. வயலிலிருந்து யூரியா கழுவுண்டு வந்தால் பாசி மண்டும். மண்டிய பாசி செத்து அழுகும்போது ஒட்சிசனைத் தின்று காபனீரொட்சைட்டைக் கக்கும். மேலே காற்றிலிருந்து வருவதோடு இந்த உள்ளூர் அமிலமும் சேரும். நன்னீரில் அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கும் உப்புகள் குறைவு என்பதால் மாரிகாலக் களப்பு நீர் இன்னும் எளிதில் ஆட்டம் காணும். களப்பைப் பொறுத்தவரை பாதி சாவி நம் கையில் இருக்கிறது.

அப்படியென்றால் எங்கள் மீன் குறைந்ததற்கு இதுதான் காரணமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் பழியைக் காற்றில் போட்டுவிட்டுக் கைகழுவ விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். கடலடியை உழுதுகொண்டு போகும் இழுவைமடியை இலங்கைச் சட்டம் 2017இல் தடைசெய்தது. மடி இன்னும் ஓடுகிறது, எல்லை தாண்டியும் வருகிறது. வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது, டைனமைற், குஞ்சு அள்ளும் சிறுகண் வலை, இவற்றையெல்லாம் கரையில் உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1950களிலிருந்து இந்தியப் பெருங்கடல் ஏறத்தாழ ஒரு பாகை சூடாகியும் இருக்கிறது. அமிலமாதல் இவற்றோடு சேர்ந்து வரும் மெல்லிய சுமை. சாதாழையை மடி வாரிக்கொண்டு போன இடத்தில் அந்தச் சுமை கூடுதலாக அழுத்தும்.

சுண்ணாம்பு கொட்டினால் சரியாகாதா?

புளித்த வயலுக்கும் இறால் குளத்துக்கும் சுண்ணாம்பு போட்டுப் பழகிய ஊரில் இது புத்திசாலித்தனமான கேள்வி. கடலுக்குக் காரத்தன்மையைச் சேர்க்கும் யோசனையை ஆய்வாளர்களும் சிறு அளவில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? 100 கிலோ சுத்தமான சுண்ணக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ காபனீரொட்சைட்டும் கிடைக்கும். சூளைக்கு எரித்த விறகின் புகை வேறு. வாயுவைப் பிடித்து வைக்காமல் சுட்டால் ஆதாயத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். தொட்டிக்கும் குளத்துக்கும் சரி. கடலுக்கு மூட்டை காணாது.

முன்பும் கடல் இப்படி ஆனதுண்டா?

ஆனது. ஏறத்தாழ 5 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருமளவு காபன் காற்றில் சேர்ந்து கடல் அமிலமானது. ஆழ்கடலடியில் வாழ்ந்த நுண்ணிய ஓட்டுயிர்களில் பல இனங்கள் அழிந்தன. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்தது. இப்போதைய வேகம் அதைவிடப் பல மடங்கு. மெல்ல நடந்தால் கடலடிச் சுண்ணாம்பு கரைந்து ஈடுகொடுக்கும். நூறு இருநூறு வருடத்தில் அதற்கு நேரம் போதாது.

இலங்கை வெளியேற்றுவது எவ்வளவு? நாம் நிறுத்தினால் மாறுமா?

தலைக்கு ஆண்டுக்கு ஒரு தொன் அளவு. உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். நாம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாலும் கடலுக்குத் தெரியாது. இதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. களப்புக்குள் போகும் உரத்தையும் அழிக்கும் கண்டற்காட்டையும் சாதாழையையும் பற்றிக் கேட்டால், அதற்கு வெளிநாட்டானைக் காத்திருக்கத் தேவையில்லை.

பிள்ளைக்கு வீட்டில் காட்ட ஒரு பரிசோதனை சொல்லுங்கள்.

ஒரே அளவான மூன்று மட்டி ஓடுகள், மூன்று போத்தல். ஒன்றில் கடல்நீர், ஒன்றில் சோடா, ஒன்றில் வினாகிரி. மூடியை இறுக்கவேண்டாம், வாயு வரும். வினாகிரியில் உடனே குமிழி கிளம்பும். சோடா ஓட்டை நாளுக்கு ஒருமுறை எடுத்து விரலால் தடவி, மினுக்கம் போய் மாப்போல வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாயு போய்விட்டால் சோடாவை மாற்றவேண்டும். வினாகிரியின் பி.எச். 3க்குக் கிட்ட, சோடாவினது 4ஐ ஒட்டி. கடல் எந்தக் காலத்திலும் அந்தப் பக்கம் போகாது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் வினாகிரிப் போத்தலில் பெயர் எழுதி அடுக்களைக்கு வெளியே வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அது அச்சாறுக்குப் போய்விட்டது.